சன்மானம் இல்லாத கதைகள்

கையெழுத்து இதழ் நடத்தியவர்களுக்கு அதன் கடைசிப் பக்கங்களின் மதிப்பு தெரியும். பள்ளி நாள்களில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மாதம் ஒன்றாக நடத்திய இதழுக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. கோடு போட்ட நோட்டுத் தாள்களை ஊசி நூலால் தைத்து, அட்டையில் வண்ணப் பென்சிலால் படம் வரைந்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவோம். கதைகள் முடிந்த பிறகு நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டுவைப்போம். படித்தவர்கள் அதில் கருத்தெழுதிக் கையொப்பமிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மூன்று வாரம் கழித்து இதழ் திரும்பி வரும்போது எல்லோர் கையும் அந்தக் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டும். ஒரு முறை, தபால் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், என் கதையில் வரும் பாட்டி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிவிட்டு முதுகுப்புறத்தில் சுண்ணாம்பு தடவும் இடத்தில் தம் தாயாரைப் பார்த்ததாகப் பச்சை மையில் இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த இரண்டு வரியின் பலத்தில் அடுத்த ஆறு மாதம் எழுதினேன்.

காசு வரவில்லை; வரும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத பல்லாயிரம் பேர், அலுவலகம் முடிந்து வந்தும் பிள்ளைகளைத் தூங்கவைத்த பின்னும் உட்கார்ந்து கதை எழுதுகிறார்கள். எழுதியதைப் பெட்டியில் பூட்டாமல் முன்பின் தெரியாதவர்களிடம் நீட்டுகிறார்கள். இதைப் புகழாசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. கடந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் உளவியலாளர்களும் மூளையியலாளர்களும் செய்த சோதனைகளைப் படிக்கும்போது, அந்த ஒரு சொல் எவ்வளவு குறைவாக விளக்குகிறது என்பது தெளிவாகிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். ஒரு கல்லூரிச் செய்தித்தாளுக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு குழுவினருக்குச் சில வாரங்கள் தலைப்புக்கு 50 சென்ட் வீதம் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தினார். இன்னொரு குழுவுக்குத் தொடக்கம் முதலே எதுவும் கொடுக்கவில்லை. காசு வாங்கிப் பழகியவர்களின் ஊக்கம் வாங்காதவர்களின் ஊக்கத்துக்குப் பின்தங்கியது. இதில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் அதே கட்டுரையில் அவர் விவரித்த, கட்டைகளைப் பொருத்தும் புதிர்ச் சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டின. புதிருக்கு இவ்வளவு என்று ஒரு டாலர் பெற்றவர்கள், யாரும் கவனிக்காத இடைவேளையில் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். காசுக்குப் பதிலாக நல்ல வார்த்தை பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. எதுவும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய ஆர்வம் கூடுதலாகவே இருந்தது.

வெகுமதி ஊக்கத்தைக் குறைக்கிறதா என்ற கேள்வி பின்னர் பெரிய விவாதமாக வளர்ந்தது. 1999இல் டெசியும் ரிச்சர்ட் கெஸ்ட்னரும் ரிச்சர்ட் ரயனும் 128 சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். ‘செய்தால் தருவேன்’ என்று முன்கூட்டியே சொல்லித் தரப்படும் பொருள் வெகுமதிகள், செயலின் மீதுள்ள ஆர்வத்தாலேயே எழும் உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைக்கின்றன என்பதும், பாராட்டுச் சொற்கள் பொதுவாக அதைக் கூட்டுகின்றன என்பதும் அவர்கள் கண்ட முடிவு. டெசியும் ரயனும் தரும் விளக்கம் எளிமையானது. தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருக்கிறோம் என்ற உணர்வு ஆகிய மூன்றும் மனிதருக்கு உணவைப் போன்ற தேவைகள். எதிர்பார்த்துப் பெறும் கூலி முதல் உணர்வைக் கரைத்து, ‘இதற்காகத்தான் செய்கிறேன்’ என்று மனத்தைக் கணக்குப் பார்க்க வைக்கிறது. குறிப்பான பாராட்டோ ‘நீ செய்தது இந்த இடத்தில் பலித்தது’ என்ற தகவலைத் தந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் வளர்க்கிறது. பச்சை மையில் எழுதப்பட்ட அந்த இரண்டு வரி எனக்குச் செய்தது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

கதையும் கவிதையும் எழுதுவோரை நேரடியாகச் சோதித்தவர் உளவியலாளர் தெரசா அமாபிலே. 1985இல் வெளியான அவருடைய ஆய்வில், படைப்பெழுத்தில் தீவிர ஈடுபாடு கொண்ட 72 பேர் கலந்துகொண்டார்கள். முதலில் ஒவ்வொருவரும் பனியைப் பற்றி ஒரு குறுங்கவிதை எழுதினார்கள். அதன் பிறகு ஒரு சாராரிடம், தாம் எழுதுவதற்கான காரணங்கள் கொண்ட பட்டியல் ஒன்று தரப்பட்டது. ‘சொற்களோடு விளையாடப் பிடிக்கும்’, ‘எழுதும்போது புதிய தெளிவு கிடைக்கிறது’ என்பன போன்ற வாசகங்களை முக்கியத்துவ வரிசையில் அடுக்க வேண்டும். இன்னொரு சாராரின் பட்டியலில் இருந்தவை வேறு: ஆசிரியர் மெச்ச வேண்டும், பொது அங்கீகாரம் வேண்டும், ஒரு நாவல் நன்றாக விற்றால் வாழ்க்கைக்குக் கவலையில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என்பன போன்றவை. மூன்றாவது சாராருக்குப் பட்டியலே இல்லை. பிறகு எல்லோரும் சிரிப்பைப் பற்றி இரண்டாவது கவிதை எழுதினார்கள். எந்தக் கவிதை எந்தக் குழுவினுடையது என்று அறியாத கவிஞர்கள் அவற்றை மதிப்பிட்டார்கள்.

முதல் கவிதைகளில் குழுக்களிடையே வேறுபாடு இல்லை. இரண்டாவது கவிதையில், புறக் காரணங்களைச் சில நிமிடம் அடுக்கிப் பார்த்தவர்களின் படைப்புத் தரம் மட்டும் தெளிவாக இறங்கியிருந்தது. அவர்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, பரிசு அறிவிக்கவில்லை, அதட்டவில்லை. பரிசையும் பெயரையும் பற்றிச் சற்று நேரம் நினைத்தார்கள், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகியவர்களின் கையை அந்தச் சில நிமிட நினைப்பு தடுமாற வைத்தது என்பது எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்குகிற செய்தி. அகக் காரணங்களை அடுக்கியவர்களோ பட்டியலே பெறாதவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலே போய்விடவில்லை. எழுத்தில் தோய்ந்தவர்களை இயல்பாகவே இயக்கிக்கொண்டிருப்பது அந்த அகக் காரணங்கள்தான் என்பதால், பட்டியல் அவர்களுக்குப் புதிதாக எதையும் சேர்த்திருக்காது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த ஆய்வுகளைக் காட்டி, எழுத்தாளருக்குச் சன்மானம் தராமல் இருப்பதே கலைக்கு நல்லது என்று யாரும் வாதிட்டால் அது அநியாயம். உழைப்புக்கு விலை உண்டு. பசியோடு எழுதுபவருக்கு உள்ளார்ந்த ஊக்கம் சோறு போடாது. தவிர, தீங்கு வெகுமதியில் இல்லை, அதை முன்னிட்டுச் செய்வதில் இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை இதைக் காட்டியது. படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு வண்ணப் பேனாக்களோடு செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதிதான். அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் சற்றும் குறையவில்லை.

எழுதுவது இன்பம் என்றால் எழுதிவிட்டு வைத்துக்கொள்ளலாமே, பகிர்வது எதற்கு? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டயானா டாமிரும் ஜேசன் மிட்செலும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. அதில் பங்கேற்றவர்கள் தம்மைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லலாம், பிறரைப் பற்றிய கேள்வியையோ பொது அறிவுக் கேள்வியையோ தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் சில சென்ட் கூலி, அது மாறிக்கொண்டே இருக்கும். தம்மைப் பற்றிப் பேசும் வாய்ப்புக்காகப் பங்கேற்பாளர்கள் தமக்குக் கிடைக்கக்கூடிய தொகையில் 17 முதல் 25 விழுக்காடு வரை விட்டுக்கொடுத்தார்கள். மூளையின் இயக்கத்தைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களில், உணவிலும் பணத்திலும் இன்பம் காணும்போது இயங்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் உள்ளிட்ட பகுதிகள் அப்போது கூடுதலாக இயங்கின. பிறகு ஒரு படி மேலே போய், பங்கேற்பாளர்களை ஒரு நண்பரையோ உறவினரையோ அழைத்துவரச் சொன்னார்கள். விடை அவருக்குக் காட்டப்படும் என்றபோது, யாருக்கும் காட்டப்படாது என்றபோது இருந்ததைவிட அந்தப் பகுதிகளின் இயக்கம் அதிகமாக இருந்தது. தன்னைப் பற்றி நினைப்பதே இன்பம். அதை இன்னொருவர் அறிவது தனியான மற்றோர் இன்பம்.

கதை எழுதுபவர் தன்னைப் பற்றிப் பேசவில்லையே என்று கேட்கலாம். வேறு பெயரில், வேறு ஊரில், வேறு காலத்தில் வைத்துப் பேசுகிறார் என்பது என் பதில். நேரில் சொல்லக் கூசும் ஒன்றை மாமியார் பாத்திரத்தின் வாயில் வைத்துச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

கேட்பவரிடம் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனும் அவருடைய சகாக்களும் ஒரு பெண் தன் வாழ்க்கைச் சம்பவம் ஒன்றை விவரிக்கும்போது அவருடைய மூளை இயக்கத்தைப் பதிந்துகொண்டார்கள். அந்தக் குரல் பதிவைக் கேட்டவர்களின் மூளையிலும் அதே வடிவங்கள், பெரும்பாலும் சில நொடிகள் பின்தங்கி, எழுந்தன. சில பகுதிகளில் கேட்பவரின் மூளை சொல்பவருக்கு முன்பே ஓடியது. அப்படி முந்திச் சென்றவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். கேட்பவருக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை சொல்லப்பட்டபோது இந்த இணைவு மறைந்துபோனது. 2010இல் வெளியான இந்த முடிவு, ‘என் அம்மாவைப் பார்த்தேன்’ என்று ஒரு வாசகர் சொல்வதற்கு ஓர் உடல் சார்ந்த அடிப்படை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பிலிப்பைன்ஸின் ஆக்டா வேட்டைக்குடிகளிடையே நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நன்றாகக் கதை சொல்பவர்கள் கூட இருப்பதையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். கதை சொல்லத் தெரிந்தவர்கள் நிறைந்த முகாம்களில் ஒத்துழைப்பும் கூடுதலாக இருந்தது. கதை சொல்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அச்சு இயந்திரத்தைவிட மிகப் பழையதாகத்தான் இருக்க வேண்டும்.

நடுவில் விட்ட கதையிடம் எழுதுபவர் திரும்பத் திரும்பப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மார்ஜோரி டெய்லரும் சகாக்களும் 50 புனைகதை எழுத்தாளர்களிடம் பேசி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினர் தம் பாத்திரங்கள் சொந்தப் புத்தியோடு நடந்துகொள்வதை ஏதோ ஓர் அளவில் அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது சிந்தனையின் தலையீடின்றித் தானாக நடக்கத் தொடங்குகிறது. சைக்கிள் ஓட்டுபவர் மிதிப்பதை எண்ணுவதில்லை. நெடுநாள் கற்பனை செய்யப்பட்ட பாத்திரமும் அதுபோலத் தானாகப் பேசத் தொடங்கி, எழுதுபவருக்கே வியப்பைத் தருகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அடுத்து அவள் என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள எழுதுபவர் தானே எழுதியாக வேண்டும்.

வாசகர் சொல் எழுத்தையும் வளர்க்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிசிலியா ஆரகன், கேட்டி டேவிஸ் குழுவினர், ரசிகர்கள் தமக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்து எழுதும் கதைகளை லட்சக்கணக்கில் அலசினார்கள். இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் இளைஞர்கள், வருமானம் கிடையாது. பெற்ற கருத்துகளின் எண்ணிக்கை கூடக்கூட அவர்களுடைய சொல்வளமும் கூடியிருந்தது. சுமார் 650 கருத்துகளோடு சேர்ந்து வந்த வளர்ச்சி, வயதில் ஓராண்டு முதிர்வதால் வருவதற்கு ஈடாக இருந்தது. நன்றாக எழுதுபவருக்கு அதிகக் கருத்து வந்திருக்கவும் கூடும் என்பதால் காரணம் எது, விளைவு எது என்று இதில் முழுமையாகப் பிரிக்க இயலாது. எனினும், ஒரு பெரிய ஆசான் இல்லாமல், நூறு பேர் ஆளுக்கொரு சிறு குறிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் முறை வேலை செய்கிறது என்பதை நான் நம்புகிறேன்.

இதே வழியில்தான் ஆபத்தும் நுழைகிறது. நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது வெகுமதியோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் துடித்தன. எதிர்பார்த்தபடியே கிடைத்தபோது அமைதியாக இருந்தன. எதிர்பார்த்தது வராதபோது வழக்கமான இயக்கமும் தாழ்ந்தது. முதல் கதைக்கு வந்த பத்துப் பாராட்டு வானத்தில் மிதக்க வைப்பதும், பத்தாவது கதைக்கு அதே பத்து வந்தால் மனம் வாடுவதும் இதனால்தான் என்று தோன்றுகிறது. எண்ணிக்கையைப் பார்த்து எழுதத் தொடங்கியவர், அமாபிலேயின் இரண்டாவது பட்டியலைத் தினமும் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

இதற்குத் தடுப்பு உண்டா என்பதையும் அமாபிலே தேடினார். அவர் 1986இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், புகைப்படக் கருவியைக் கையாளும் வாய்ப்புக்குக் கைம்மாறாகக் கதை சொன்ன குழந்தைகளின் கதைகள், அப்படி எந்த நிபந்தனையும் இல்லாமல் சொன்ன குழந்தைகளின் கதைகளைவிடச் சோபையிழந்திருந்தன. மூன்றாண்டு கழித்து அவரும் பெத் ஹென்னசியும் வேறொன்று செய்து பார்த்தார்கள். பாடங்களில் தமக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று சிறுவர்கள் மனம்விட்டுப் பேசும் காணொளியைக் காட்டி, குழந்தைகளையும் அதைப் பற்றிப் பேசவைத்த பிறகு வெகுமதியை அறிவித்தார்கள். அப்படிப் பேசிய குழந்தைகளின் படைப்புத்திறன் வெகுமதியால் சரியவில்லை.

இதைப் படித்ததிலிருந்து, எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலை கூடும் சிறு குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கதையை வாசிப்பதற்கு முன், அதை எழுதும்போது எந்த இடம் இனித்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். போன வாரம் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், தம் கதையில் இறந்துபோகும் கிழவரின் கட்டிலருகே வைத்த தண்ணீர்ச் செம்புக்கு ‘பாதி’ என்று எழுதுவதா ‘அரை’ என்று எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்ததாகவும், அந்த மூன்று நாளும் வீட்டில் யார் என்ன கேட்டார்கள் என்பதே காதில் விழவில்லை என்றும் சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.