ரிமோட் சென்சிங்: தொலையுணர்வா, தொலையுணர்தலா?

செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கணிக்கிறார்கள் என்று எங்காவது படித்தால், பக்கத்திலேயே 'ரிமோட் சென்சிங்' என்ற சொல்லும் வரும். ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியையோ வெப்பத்தையோ ரேடியோ அலையையோ எட்ட இருந்து பதிவு செய்து ஆராய்வதற்குத்தான் அந்தப் பெயர்.

சொல் அப்படியொன்றும் பழையதல்ல. அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தில் புவியியலாளராக இருந்த ஈவ்லின் புரூயிட் 1950களின் கடைசிவாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை 'ஏரியல் போட்டோகிராபி' என்றே சொல்லிவந்தார்கள். அகச்சிவப்புக் கருவிகளும் விண்கலங்களும் வந்ததும் அந்தப் பெயர் பொருந்தாமல் போனது. 'ஏரியல்' என்றால் காற்று சார்ந்தது. விண்வெளியில் காற்று ஏது? 'ரிமோட்' லத்தீன் வழி வந்தது, விலக்கி வைக்கப்பட்டது என்று பொருள். டிவி ரிமோட்டும் இதே ரிமோட்தான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தொலை நுண்ணுணர்வு' என்று இருக்கும். எனக்கு அதில் ஒரு நெருடல். நுண்ணுணர்வு என்பது கூரிய அறிவு. 'நுண்ணுணர்வு இன்மை வறுமை' என்று நாலடியார் சொல்வது அந்தப் பொருளில்தான். கருவிக்கு அந்த அறிவு கிடையாது. 'தொலையுணர்வு' பரவாயில்லை, ஆனால் உணர்வு என்றதும் மனசு நினைவுக்கு வருகிறது. செயலைச் சொல்லும் 'தொலையுணர்தல்' இன்னும் பொருத்தம். 'தொலையறிதல்' மட்டும் கூடாது.

ஏன் கூடாது? கருவி உணர மட்டும்தான் செய்யும், அதிலிருந்து அறிவது மனிதர் வேலை. இரவில் ஊர்கள் தரும் வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்கள் நிலா வெளிச்சத்தில் மேகத்தைப் பார்க்கச் செய்யப்பட்டவை. ஊர் விளக்குகள் அதில் தற்செயலாகச் சிக்கின. 1992 முதலான அந்தப் படங்களைப் பொருளியலாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெளிச்சம் கூடினால் வளர்ச்சி கூடியது என்று ஒரு கணக்கு. ஆனால் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 63 வரைதான் மதிப்பு. பெருநகரத்தின் நடுப்பகுதி 63ஐத் தொட்டுவிட்டால், அப்புறம் அங்கே விளக்குகள் இரட்டிப்பானாலும் படத்தில் அதே 63தான். 2011இல் ஏவப்பட்ட சுவோமி செயற்கைக்கோளின் கருவி இந்தக் குறையைத் தீர்த்தது. சரி, அதிலும் ஒரு சிக்கல்: நீல ஒளி அதற்குத் தெரியாது. மஞ்சள் சோடியம் விளக்குகளைக் கழற்றி வெள்ளை எல்இடி மாட்டிய நகரம் படத்தில் மங்கித் தெரியலாம். அங்கே பொருளாதாரம் படுத்துவிடவில்லை, விளக்குதான் மாறியது.

கச்சா எண்ணெய்த் தொட்டி இன்னொரு நல்ல உதாரணம். பல தொட்டிகளில் கூரை எண்ணெய் மேலேயே மிதக்கும். எண்ணெய் குறையக் குறைய கூரை இறங்கும், தொட்டிச் சுவரின் நிழல் அதன் மேல் பிறைபோல் விழும். கருவி உணர்வது அந்த நிழலை மட்டும். சூரியனின் கோணத்தையும் தொட்டியின் அகலத்தையும் சேர்த்து, இருப்பு இத்தனை பீப்பாய் என்று கணக்குப் போடுவது வேறு ஆள்.

துணைச் சொற்களும் எளிதாக அமைகின்றன: சென்சாருக்கு உணரி, இந்த வேலைக்கான செயற்கைக்கோளுக்குத் தொலையுணர் செயற்கைக்கோள். இலங்கைத் தமிழில் எழுதுபவர்கள் தொலையுணர் செய்மதி என்று இன்னும் சுருக்கமாகவே எழுதலாம்.