பழைய காரை நேரடியாக விற்பவர் அறிய வேண்டிய பெயர் மாற்ற விதிகள்

சொந்தக் காரை வியாபாரியிடம் கொடுக்காமல் தெரிந்தவருக்கோ விளம்பரம் பார்த்து வந்தவருக்கோ நேரடியாக விற்கும் பலர், பணம் வங்கிக் கணக்கில் ஏறிச் சாவி கைமாறியதும் விற்பனை முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்கள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமையாளர் என்று யாரைக் கருதுகிறது என்பது வேறு செய்தி. அச்சட்டத்தின் 2(30) பிரிவின்படி, கடன் ஒப்பந்தத்தில் உள்ள வாகனம் போன்ற சில விலக்குகள் தவிர, எவர் பெயரில் வாகனம் பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஆகவே ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் பெயர் மாறும் நாள் வரை, காரைக் கண்ணால் கூடப் பார்க்காத நிலையிலும், விற்றவரே அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கிறார்.

இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த ஒரு தீர்ப்பு காட்டுகிறது. ஒருவர் 2007இல் தமது காரை விற்றார். பதிவேட்டில் பெயர் மாற்றப்படாமலேயே அது அடுத்தடுத்துப் பல கை மாறியது. 2009 மே மாதம் அந்தக் கார் மோதியதில் ஓர் உயிர் போயிற்று. காரை எப்போதோ விற்றுவிட்டதாக முதல் உரிமையாளர் வாதிட்டார். விபத்தில் பாதிக்கப்பட்டவர், பதிவேட்டில் ஏறாத விற்பனைகளை ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு அலைய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று கூறிய நீதிமன்றம், இழப்பீட்டுப் பொறுப்பைப் பதிவேட்டில் பெயருள்ள அந்த முதல் உரிமையாளர் மீதே வைத்தது. பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் இந்த நிலைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. விற்பவர்தான் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

இழப்பீடு மட்டுமல்ல. குற்றம் ஒன்றில் கார் பயன்பட்டால், அப்போது ஓட்டியவர் யார், அவருடைய உரிமம் எது என்ற விவரங்களைக் காவல் துறை கேட்கும்போது தெரிவிக்கும் கடமையை 133ஆம் பிரிவு உரிமையாளர் மீது சுமத்துகிறது. 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் சுமையும் அவர்கள் மீதே விழுகிறது.

இந்த நிலையிலிருந்து விடுபடச் சட்டமே வகுத்துள்ள வழி 50ஆம் பிரிவில் இருக்கிறது. கார் பதிவான அதே மாநிலத்துக்குள் விற்கப்பட்டால், விற்றவர் 14 நாட்களுக்குள் உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் நகலை அப்போதே வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தமது வசிப்பிடத்துக்குரிய அலுவலகத்தில் ஆர்.சி.யையும் கட்டணத்தையும் செலுத்தித் தமது பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கடமையை வைத்திருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். பெயர் மாற்றம் வாங்கியவரின் வேலை என்று விற்றவர் ஒதுங்கிவிட முடியாது. அதே நேரத்தில், வாங்கியவர் தாமதித்தாலும் விற்றவர் தம் பங்கைத் தாமாகவே செய்து முடிக்கலாம்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கு இரண்டு படிவங்களைத் தருகின்றன. படிவம் 29 என்பது விற்றவர் தரும் அறிவிப்பு. படிவம் 30 என்பது பெயர் மாற்ற விண்ணப்பம். அதில் இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்தப் படிவங்களை வெறுமையாக விட்டு, கடைசியில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வாங்குபவரின் பெயர் எழுதப்படாத படிவம், தேதி இல்லாத படிவம், இடைத்தரகரின் பையில் மாதக்கணக்கில் கிடக்கும் படிவம் என்று இவை சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பவர், தமது கார் யாரிடம் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அறிமுகமற்ற ஒருவரிடம் ஒப்படைக்கிறார். அந்தக் கார் மூன்று பேரிடம் கைமாறிய பிறகும் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர் மட்டுமே. எனவே வாங்குபவரின் முழுப் பெயர், தந்தை பெயர், முகவரி, வாகன எண், சேசிஸ் எண், எஞ்சின் எண், விற்ற தேதி ஆகிய அனைத்தும் நிரப்பப்பட்ட பிறகே கையெழுத்திடுவது என்பதில் விற்பவர் சற்றும் தளரக் கூடாது. சேசிஸ், எஞ்சின் எண்களை ஆர்.சி.யில் உள்ளபடி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்புண்டு.

விற்பனை நாளன்று படிவங்களோடு சேர்த்து ஓர் ஒப்படைப்புக் கடிதமும் எழுதிக்கொள்வது நல்லது. டெலிவரி நோட் என்று வழங்கும் இந்தத் தாளில், இன்ன எண்ணுள்ள காரை, இன்ன தேதியில், இத்தனை மணிக்கு, ஓடோமீட்டரில் இத்தனை கிலோமீட்டர் காட்டும் நிலையில் பெற்றுக்கொண்டேன் என்றும், இந்த நேரத்துக்குப் பிறகு ஏற்படும் அபராதம், விபத்து, வழக்கு அனைத்துக்கும் நானே பொறுப்பு என்றும், இத்தனை நாட்களுக்குள் பெயர் மாற்றிக்கொள்வேன் என்றும் வாங்குபவர் கையெழுத்திட வேண்டும். மணி நேரத்தைக் குறிப்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் மாலை ஐந்து மணிக்குக் கொடுத்த கார் அன்றிரவே சிக்னலை மீறி அபராதச் சீட்டு வந்தால், அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். வாங்குபவரின் அடையாள அட்டை நகலையும் ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் பெற்றுக்கொள்ள வேண்டும். விற்பவர் தமது அடையாள அட்டை நகலைத் தரும்போது, இந்த எண்ணுள்ள கார் விற்பனைக்கு மட்டும் என்று அதன் மேலேயே எழுதித் தேதியிட்டுத் தர வேண்டும். இந்த ஒப்படைப்புக் கடிதம் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது என்பதையும் மறக்கக் கூடாது. விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு எதிராக இதைக் காட்டிப் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது. பின்னர் வாங்கியவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறவும், காவல் நிலையத்தில் நடந்ததை விளக்கவும் மட்டுமே இது உதவும்.

கடனில் வாங்கிய காராக இருந்தால், ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் பதிவாகியிருக்கும். 51ஆம் பிரிவின்படி, நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அந்த வாகனத்துக்குப் பெயர் மாற்றம் செய்ய இயலாது. கடன் அடைந்ததும் அந்தப் பதிவு தானாக நீங்கிவிடும் என்று நம்பி, பல ஆண்டுகள் கழித்து விற்கும் நேரத்தில்தான் அது இன்னும் அப்படியே இருப்பதைச் சிலர் கண்டுகொள்கிறார்கள். வங்கியிடமிருந்து தடையில்லாக் கடிதமும் கையொப்பமிட்ட படிவம் 35உம் பெற்று, ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை எடுக்கும் எச்.பி. நீக்கத்தை முடித்துவிட்டு விற்பனைப் பேச்சைத் தொடங்குவதே முறை. வங்கிக் கடிதத்தில் செல்லுபடியாகும் காலம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றால், கார் பதிவாகியுள்ள அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற காவல் துறை அறிக்கையையும், வரி நிலுவை இல்லை என்பதையும் பார்த்த பிறகே அலுவலகம் இதைத் தரும். விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் சான்று வழங்கப்பட்டதாகவோ மறுக்கப்பட்டதாகவோ தெரிவிக்காவிட்டால், அது வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே இந்தப் பாதுகாப்பு பயன்படும். வேறு மாநிலத்தில் நடக்கும் பெயர் மாற்றத்துக்கு, விற்றவர் தம் பங்கைச் செய்ய 45 நாட்கள் அவகாசம் உண்டு.

காப்பீட்டைப் பொறுத்தவரை தவறான எண்ணம் ஒன்று பரவலாக இருக்கிறது. கார் விற்கப்பட்டால் காப்பீடும் தானாக மாறிவிடும் என்பது பாதி உண்மையே. 157ஆம் பிரிவின்படி மூன்றாம் நபருக்கான, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கான, காப்பீடு மட்டும் வாங்கியவர் பெயருக்கு மாறியதாகக் கருதப்படும். அவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது. பெயர் மாற்றாத பாலிசியோடு கார் சேதமடைந்தால், விற்றவருக்கு அந்தக் காரில் இனி நலன் இல்லை, வாங்கியவருக்கு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லை என்ற நிலையில் யாருக்கும் பணம் கிடைக்காது. இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ், காருக்கு உரியதல்ல, காப்பீடு எடுத்தவருக்கு உரியது. அது 50 சதவீதம் வரை சேரக்கூடியது என்பதால், விற்பனைச் சான்றைக் காட்டி நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, பெயர் மாற்றம் முடிவதற்குள் பாலிசி காலாவதியாகி விடாமல் பார்த்துக்கொள்வது. காப்பீடு இல்லாத காரில் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுச் சுமை முழுவதும் பதிவேட்டில் பெயருள்ளவரைத் தேடி வரும்.

நிலுவையிலுள்ள மின் அபராதச் சீட்டுகளை மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் பார்த்து, விற்பதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். ஃபாஸ்டாக்கை வழங்கிய வங்கியிடம் சொல்லி மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் கடக்கும் சுங்கச் சாவடிகளில் விற்றவர் கணக்கிலிருந்து பணம் போகும். விலையை வங்கி வழியாகப் பெறுவதே நல்லது. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, மீறினால் பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கப்படலாம். ஜி.எஸ்.டி. பதிவு பெறாத தனிநபர் தமது சொந்தக் காரை விற்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

காரை வாங்கும் ஆளே வியாபாரி என்றால் விதிகள் வேறு. 2022 டிசம்பரில் வெளியிடப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைப்பவர் படிவம் 29சி மூலம் அதைப் பதிவு செய்யலாம்; அதன்பின் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாத தரகருக்கு இது பொருந்தாது.

வாங்கியவர் பெயர் மாற்றாமல் இழுத்தடிக்கிறார் என்பதை அறிய, வாகன எண்ணைக் கொண்டு எம்பரிவாகன் செயலியில் பதிவு விவரத்தை அவ்வப்போது பார்த்து வரலாம். 30 நாள் கடந்தும் மாற்றம் தெரியவில்லை என்றால், படிவம் 29இன் நகலோடும் ஒப்படைப்புக் கடிதத்தோடும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுத வேண்டும். வாங்கியவருக்கும் அதேபோல எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கார் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் புகார் மனு அளித்து அதற்கான ரசீதைப் பெற வேண்டும். தொலைபேசியில் நூறு முறை நினைவூட்டுவதால் கோப்பில் எதுவும் ஏறாது. பெயர் மாற்றக் கட்டணத்தை விலையிலேயே சேர்த்துக்கொண்டு, விற்பவர் தாமே வாங்குபவரோடு அலுவலகம் சென்றோ, இணையவழியில் விண்ணப்பித்தோ முடித்துக் கொடுத்தால் இந்த இழுபறிக்கே இடமிருக்காது. வாய்ப்புள்ள எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பது இதையே.

மறைந்தவரின் பெயரில் உள்ள காரை வாரிசுகள் நேரடியாக வேறொருவருக்கு விற்க முடியாது. முதலில் 30 நாட்களுக்குள் மரணத்தை அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாற்றம் பதிவான பிறகே விற்பனைக்கான படிவங்களில் வாரிசு கையெழுத்திடலாம். 2021 திருத்தத்துக்குப் பின் ஆர்.சி.யில் நியமனதாரரைக் குறிப்பிட வசதி உண்டு. உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே அதைச் செய்திருந்தால், வாரிசுச் சான்றுக்கு அலையாமல் இந்த மாற்றம் விரைவில் முடிந்துவிடும்.