பூ சேராத தரை: கோளாறு கொத்தனாரிடமா, சுழல் மையத்திலா?

நான்கு ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுக் கைவினைத் தரைக்கல்) கூடுகிற மூலையில் தாமரை முழுதாக விரிய வேண்டும். விரியாமல், இதழ்க்கோடு அரை நூல் விலகி நின்றால் பழி முதலில் கொத்தனார் மேல் விழும். பல நேரம் அவர் மேல் தப்பே இருக்காது. அச்சு வெட்டக் கொடுத்த ஃபைலிலேயே பூ தவறான புள்ளியைச் சுற்றிச் சுழன்றிருக்கும்.

பெரும்பாலான டிசைன் மென்பொருள்கள் ஒரு உருவத்தைச் சுழற்றும்போது, அதைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு அந்தச் செவ்வகத்தின் நடுவைத்தான் மையமாக எடுத்துக்கொள்ளும். உருவத்தின் உண்மையான மையம் எதுவென்று அவற்றுக்குத் தெரியாது. 60 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தின் உயரம் 51.96 மி.மீ. அதன் மையம் அடியிலிருந்து 17.32 மி.மீ.யில் இருக்கிறது, செவ்வகத்தின் நடுவோ 25.98 மி.மீ.யில். 8.66 மி.மீ. வித்தியாசம். ஐந்து இதழ்ப் பூவிலும் இதே கதைதான். ஒரு பக்கம் மட்டும் நிழல் சேர்த்துவிட்டால் செவ்வகம் அந்தப் பக்கம் நீண்டு, மையமும் சில மென்பொருள்களில் கூடவே நகரும்.

மையம் சற்று விலகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 மி.மீ. விலகிய மையத்தைச் சுற்றி 90 டிகிரி திருப்பினால் நகல் 1.41 மி.மீ. தள்ளி விழும். 180 டிகிரிக்கு முழுசாக 2 மி.மீ. ஒரு நூல் என்பது 3.175 மி.மீ.; மேலே சொன்ன அரை நூல் கிட்டத்தட்ட இங்கேதான் பிறக்கிறது. திரையில் ஏ4 அளவுக்குச் சுருக்கிப் பார்க்கும்போது கண்ணுக்கே படாது.

எனவே மையத்தைக் கண்ணால் வைக்க வேண்டாம், எண்ணால் வையுங்கள். 8 அங்குலக் கல் என்றால் 203.2 மி.மீ. சதுரம். கோரல் டிராவில் சதுரத்தையும் அதில் வரும் கால் பூவையும் (பூவில் நான்கில் ஒரு பங்கு) குரூப் செய்து, பூ கூடும் மூலையைப் பக்கத்தின் 0,0 புள்ளியில் உட்கார வையுங்கள். ஆல்ட் + எஃப்8 அழுத்தி, சென்டர் எக்ஸ் 0, ஒய் 0, கோணம் 90, காப்பி 3 கொடுத்து அப்ளை. 'ரிலேட்டிவ் சென்டர்' டிக் விழுந்திருந்தால் இந்த எண்கள் பொருளின் நடுவிலிருந்து எண்ணப்படும். அப்போது 0,0 என்பது கல்லின் நடு, மூலை அல்ல. அங்கே தடுக்கி விழுபவர்கள்தான் அதிகம். எண் வேண்டாம், மவுஸே போதும் என்றால், பொருளை இரண்டு முறை கிளிக் செய்ததும் நடுவில் தெரியும் வட்டப்புள்ளியை கன்ட்ரோல் பிடித்தபடி இழுங்கள். மூலைக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்ளும்.

இல்லஸ்ட்ரேட்டரில் ஆர் விசை, பிறகு வேண்டிய புள்ளியில் ஆல்ட் + கிளிக். கோணப் பெட்டி திறக்கும். காப்பி கொடுத்துவிட்டு கன்ட்ரோல் + D அடித்துக்கொண்டே போகலாம். இங்க்ஸ்கேப்பில் தேர்ந்தெடுத்த பொருளை இன்னொரு முறை கிளிக் செய்தால் சிலுவைக் குறி வரும், அதை நகர்த்தலாம். நகர்த்திய மையத்தை இங்க்ஸ்கேப் ஃபைலோடு சேமித்து வைத்துக்கொள்ளும். பழைய ஃபைலைத் திறந்து சுழற்றினால் பூ எங்கோ ஓடுவது இதனால்தான். சிலுவையின் மேல் ஷிஃப்ட் + கிளிக் செய்தால் நடுவுக்குத் திரும்பிவிடும். போட்டோஷாப்பில் கன்ட்ரோல் + T அடித்தும் மையப்புள்ளி தெரியவில்லையா? 2019 பதிப்பு முதல் அது மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. மேலே ஆப்ஷன் பட்டையில் டிக் போட்டால் வரும். போட்டோஷாப்பில் கூட்டல் கோணம் கடிகார முள் போகும் பக்கம்; கோரலிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் அதற்கு எதிர்ப்பக்கம்.

எட்டு இதழ் வேண்டுமென்றால் காப்பி 7. எட்டு கொடுத்தால் கடைசி நகல் முதல் இதழின் மேலேயே ஏறிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையில் அது அவ்வளவாகத் தெரியாது. லேசருக்கோ கட்டிங் பிளாட்டருக்கோ போனால் ஒரே கோடு இரண்டு முறை வெட்டுப்படும். ஏழு இதழ் என்றால் 51.4 என்று சுருக்காதீர்கள். ஏழு முறை திரும்பியதும் 0.2 டிகிரி குறையும், 150 மி.மீ. தூரத்தில் அது அரை மி.மீ. இடைவெளி. இல்லஸ்ட்ரேட்டர் கோணப் பெட்டியில் 360/7 என்றே எழுதலாம்.

எந்த மென்பொருளிலும் ஓடும் ஒரு குறுக்கு வழி உண்டு. பூவின் உண்மையான மையத்தை நடுவாக வைத்து, பூவைவிடப் பெரிதாக, நிறமும் கோடும் இல்லாத ஒரு சதுரம் வரைந்து குரூப் செய்யுங்கள். செவ்வகத்தின் நடுவும் பூவின் மையமும் ஒன்றாகிவிடும். வெட்டக் கொடுக்கும் முன் அந்தச் சதுரத்தை நீக்க மறந்தால் இயந்திரம் அதையும் வெட்டி வைக்கலாம்.

ஃபைலை அனுப்புமுன் இரண்டு சோதனை. கால் பூவின் கோடு கல்லின் இரு விளிம்பையும் வெட்டும் இடம், கூடும் மூலையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்: ஒரு பக்கம் 62 என்றால் மறுபக்கமும் 62. பிறகு நான்கு கல் தொகுதியை 406.4 மி.மீ. பக்கவாட்டிலும் மேலேயும் நகலெடுத்து, வெளி விளிம்புகள் சேர்கின்றனவா பாருங்கள்.

இன்னொன்று ஆத்தங்குடிக்கே உரியது. அங்கே அச்சைக் கண்ணாடி மேல் வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் தரையில் நாம் பார்க்கும் முகம். அச்சில் மேலிருந்து தெரிவது கல்லில் இடவலம் மாறி வரும். இரு பக்கமும் ஒத்த தாமரைக்கு இதனால் பாதகமில்லை. காற்றாடி போல ஒரே பக்கம் சாயும் இதழோ, வீட்டுப் பெயரின் முதலெழுத்தோ இருந்தால், சுழற்றும் வேலையெல்லாம் முடிந்தபின் கால் பூவை ஒரு முறை மிரர் செய்து அச்சுக்குக் கொடுங்கள்.