ஒப்புதலா, இசைவா?

பாலியல் நலக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் வேலை கடந்த வாரம் என்னிடம் வந்தது. மதுவும் போதைப்பொருளும் பற்றிய பக்கத்தில் ஒரு வரி: "போதையில் இருப்பவரிடம் ஒப்புதல் பெறும்போது கவனம் தேவை." நிதானம் தவறியவரிடம் அதைப் பெறவே முடியாது என்பதுதான் மூலத்தில் இருந்தது. பொருள் தலைகீழானதற்கு மொழிபெயர்ப்பாளர் எடுத்த சொல்லே காரணம் என்பேன்.

மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் 'கன்சென்ட்', பாலுறவுக்கு மனமுவந்து இணங்குவது. அது இலத்தீன் வழி வந்தது. சேர்ந்து உணர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வடமொழிச் 'சம்மதம்' சேர்ந்து எண்ணுதல். வேரைப் பார்த்தது போதும், வழக்குக்கு வருவோம்.

ஒப்புதல் நம் காதில் எப்படி விழுகிறது? ஒப்புதல் வாக்குமூலம், ஒப்புதல் சீட்டு, அமைச்சரவை ஒப்புதல். ஒருவர் கேட்கிறார், மற்றவர் கொடுக்கிறார், கோப்பு மூடப்படுகிறது. வாங்கியவர் கையில் அது தங்கிவிடுகிறது. விருந்து தொடங்கும்போது தலையசைத்தவர், நான்காவது கோப்பைக்குப் பிறகு சோபாவில் சாய்ந்து கண்செருகிக் கிடக்கிறார். "முன்பே ஒப்புதல் தந்தாரே" என்று சொல்ல இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. ஒப்புக்குத் தலையாட்டுவது என்ற வழக்கும் இதே வேரில் பிறந்ததுதான். சம்மதத்துக்கோ வேறு சுமை: மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பழகிவிட்டோம். மயங்கிக் கிடப்பவரும் மௌனமாகத்தான் இருப்பார். உடன்பாடு அருமையான சொல். 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை' என்று குறளே (890) பேசுகிறது. ஆனால் இன்று அது ஊதிய உடன்பாடு, தொகுதி உடன்பாடு என்று பேரம் பேசும் மேசைக்குப் போய்விட்டது.

இசைவு அப்படியல்ல. இசைதல் பொருந்துதல், இரு தரப்பும் இசையும்வரைதான் அது இருக்கும், ஒருவர் விலகினால் அந்த நொடியே இல்லை. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவதும் 'இசைவாணை'தானே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். அங்கே ஆணை ஒட்டிக்கொண்ட பிறகே இசைவு காகிதமானது.

அதே பக்கத்தில் இன்னொரு பிழை. மூலம் 'எவருடைய' என்று சொன்ன இடங்களிலெல்லாம் தமிழில் 'பெண்ணின்' என்று வந்திருந்தது. சட்டம் அப்படித்தான் பேசுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, போதையால் செயலின் தன்மையும் விளைவும் புரியாத பெண்ணின் 'சரி'யை இசைவாக ஏற்பதில்லை. எதிர்த்துப் போராடாததை மட்டும் வைத்து இசைந்தார் என்று கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. நல்லது. ஆனால் ஆண்மீது நடக்கும் வன்புணர்வு அதில் இல்லை. வயதுவந்தோர் இசைந்த தன்பாலுறவை 2018இல் உச்ச நீதிமன்றம் குற்றப்பட்டியலிலிருந்து விடுவித்தபோது, இசைவில்லாததைத் தண்டிக்கப் பழைய சட்டத்தின் 377ஆம் பிரிவு மிஞ்சியிருந்தது. புதிய சட்டத்தில் அதுவும் இல்லை. சட்டம் விட்ட ஆளை மொழிபெயர்ப்பாளரும் விடலாமா? தன்பாலீர்ப்புள்ள ஆண், திருநங்கை, திருநம்பி ஆகியோரும் புரட்டப்போகும் கையேடு அது. 'அவர்' என்று எழுத ஒரு சொட்டு மைகூடக் கூடுதலாகச் செலவாகாது.

வரியை இப்படித் திருத்தி அனுப்பியிருக்கிறேன்: "போதையில் நிதானம் இழந்தவர் எவராக இருந்தாலும், அவரால் இசைய முடியாது. முன்பு இசைந்திருந்தாலும் அது இப்போது இல்லை."