‘பாலினம்’ என்ற சொல்லும் 54 ஆயிரம் வாக்குகளும்

வாக்காளர் விழிப்புணர்வுப் பயிற்சிகளில் இரண்டு துண்டுச் சீட்டு கொடுத்துத்தான் வகுப்பை ஆரம்பிப்பேன். ஒன்றில், ‘கிராமத்துப் பெண்கள் பேரிலும் நிலப்பட்டா கொடுக்கப்படும்’ என்று இருக்கும். மற்றதில், ‘இந்த ஒப்பந்தம் வந்தால் குடும்பமே இருக்காது, பிள்ளைகளை ஓரினச்சேர்க்கைக்குப் பழக்குவார்கள்’ என்று இருக்கும். எதை உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவீர்கள் என்று கேட்பேன். எதற்கு அதிகம் கை தூக்குகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டுமே கொலம்பியாவின் சமாதான ஒப்பந்தத்தைப் பற்றியவை. முதலாவது அதில் இருந்தது. இரண்டாவது அதைப் பற்றிப் பரவியதன் சாரம்.

ஃபார்க் என்ற இடதுசாரி ஆயுதக் குழுவின் கெரில்லாக்களுக்கும் அரசுக்கும் அரை நூற்றாண்டுச் சண்டை. நான்கு ஆண்டுகள் கியூபாவின் ஹவானாவில் பேசி, 297 பக்க ஒப்பந்தம் எழுதி, 2016 அக்டோபர் 2 அன்று மக்களிடம் ‘சம்மதமா?’ என்று கேட்டார்கள். ‘இல்லை’ 50.21 சதவீதம், ‘ஆம்’ 49.78. வித்தியாசம் 54 ஆயிரத்துக்கும் குறைவு. வாக்களிக்க வந்தவர்களே 38 சதவீதத்தை எட்டவில்லை.

இதில் பாலினம் எங்கே வந்தது? பேச்சுவார்த்தை மேசையில் பெண்கள் மிகக் குறைவு என்று பெண்கள் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்ததால், 2014 செப்டம்பரில் பாலினத் துணைக்குழு ஒன்று அமைந்தது. அதன் உழைப்பில்தான் நிலத்தில் பெண்களுக்குப் பங்கு, பாலியல் வன்முறைக்குப் பொதுமன்னிப்பு கிடையாது, போரில் பாதிக்கப்பட்ட மாற்றுப் பாலினத்தவருக்கும் ஓரினச்சேர்க்கையாளருக்கும் அங்கீகாரம் எல்லாம் ஒப்பந்தத்துக்குள் வந்தன. ‘பாலினப் பார்வை’ என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் தலைகாட்டியது. ஒரு முடிவு ஆணையும் பெண்ணையும் மற்றவரையும் எப்படி வெவ்வேறாகப் பாதிக்கும் என்று பார்ப்பது; வல்லுநர்களுக்கு அது பழகிய சொல். சந்தையில் காய் விற்பவருக்கு? ஸ்பானிய மொழியில் ‘ஹெனரோ’ என்றால் வகை, இலக்கிய வகை, ஏன், துணிக்கும்கூட அதே சொல்தான்.

அர்த்தம் தெளியாத சொல்லுக்கு யார் முதலில் விளக்கம் சொல்கிறாரோ, அந்த விளக்கமே நிலைத்துவிடும். கொலம்பியாவில் அந்த விளக்கம் வாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே, வேறொரு சண்டையில், தயாராகிவிட்டது. பள்ளிகளில் பாகுபாடு கூடாது என்ற நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து கல்வி அமைச்சகம் ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தயாரித்தது. அதில் இருப்பதாகச் சொல்லி, வெளிநாட்டு ஆபாசச் சித்திரக்கதைப் படங்கள் சமூக ஊடகங்களில் சுற்றின. படங்கள் போலி, ஆனால் கோபம் நிஜம். ஆகஸ்ட் 10 அன்று பல நகரங்களில் பெற்றோர் ஊர்வலம் போனார்கள். கல்வி அமைச்சர் ஹீனா பரோதி தன் பாலின ஈர்ப்பை மறைக்காதவர். அதே பரோதிதான் அப்புறம் ‘ஆம்’ பிரச்சாரத்துக்கும் வந்தார். எதிர்த்தரப்புக்கு இரண்டையும் முடிச்சுப் போட வேறென்ன வேண்டும்? கையேட்டில் இருந்த ‘பாலினம்’ ஒப்பந்தத்திலும் இருக்கிறதா, இருக்கிறது. அவ்வளவுதான். சில பாதிரியார்களின் மேடைகளிலும் அலெஹாந்த்ரோ ஓர்தோனியெஸ் போன்ற அரசியல்வாதிகளின் பேச்சிலும் அது, குடும்பத்தைக் கலைக்க வந்த கொள்கை என்ற பொருளில், ‘பாலினச் சித்தாந்தம்’ ஆனது. முழுப் பொய்யை மறுத்துவிடலாம். ஒரு துளி உண்மை கலந்ததை மறுக்க நாலு வாக்கியம் வேண்டும். நாலாவது வாக்கியம் வரை யார் கேட்கிறார்கள்?

பாலினப் பேச்சு ஒன்றுதான் தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கெரில்லாத் தலைவர்கள் சிறைக்குப் போகாமல் நாடாளுமன்றம் போவதா என்ற கோபம் நியாயமான கோபம். கரையோரத்தில் அன்று புயல் மழை வேறு. ‘இல்லை’ பிரச்சாரத்தை நடத்திய ஹுவான் கார்லோஸ் வேலெஸ், மக்கள் கோபத்தோடு போய் வாக்களிக்க வேண்டும் என்பதே தங்கள் உத்தி என்று சில நாளில் பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு பயம். ஆனால் வித்தியாசம் இவ்வளவு மெலிதாக இருக்கும்போது, எந்தப் பயத்தையும் சில்லறை என்று ஒதுக்க முடியாது.

பொஹாயா என்ற ஊரைப் பற்றிப் பேசாமல் வகுப்பை முடிப்பதில்லை. 2002இல் சண்டைக்குப் பயந்து தேவாலயத்தில் ஒளிந்திருந்தவர்கள் மேல் ஃபார்க்கின் சிலிண்டர் குண்டு விழுந்து, குழந்தைகள் உட்படப் பலர் செத்த ஊர். அங்கே 96 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள்.

தோல்விக்குப் பிறகு அரசு எதிர்த்தரப்போடும் மத அமைப்புகளோடும் உட்கார்ந்து பேசியது. நவம்பர் 24 அன்று கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தில், ‘பாலினம்’ என்று இருந்த பல இடங்களில் ‘ஆண்களும் பெண்களும்’ என்று மாற்றி எழுதினார்கள். மாற்றுப் பாலினத்தவர் பற்றிய குறிப்புகள் குறைந்தன. இந்த முறை மக்களிடம் போகவில்லை, நாடாளுமன்றமே ஒப்புதல் கொடுத்தது. பெண்களுக்கான பகுதிகளில் பெரும்பாலானவை தப்பின. விலை கொடுத்தவர்கள், ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைந்தவர்கள். இந்தச் சமரசம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கடைசியாக ஒரு பயிற்சி: ‘பாலினப் பார்வை’ என்பதை உங்கள் அம்மாவுக்குப் புரிகிற ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள் என்பேன். பத்து நிமிடம் தருவேன். போன முறை பாதிப் பேர் வெற்றுத்தாளையே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் எழுதியிருந்தார்: “அப்பா செத்தா பட்டா யார் பேருக்குன்னு கேக்கறது.”