கம்பெனிக் காசுதானே, யாருக்கு நஷ்டம்?

தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க் பக்கம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. “கம்பெனிக் காசுதானே சார், அவங்ககிட்ட கோடி கோடியா கிடக்கு. இவர் பாவம், கூலி வேலை பார்க்கிறவர். கொஞ்சம் கூட்டி எழுதிக் குடுத்தா என்ன?” கேட்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. நோயாளியின் மச்சானாக இருப்பார், பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், சில நேரம் வார்டு நர்ஸாகவே இருப்பார்.

நான் டாக்டர். முதலில் வார்டில் இருந்தேன், அப்புறம் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்தால் தப்பா என்ற பழைய கேள்வி, கேஸ் ஷீட்டாக என் மேஜைக்குத் தினமும் வருகிறது. தப்பு, சட்டவிரோதம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஏமாற்றுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை இருக்கிறது. ஆனால் சட்டத்தைச் சொன்னால் யாரும் மனம் மாறுவதில்லை. “நல்லதுக்குத்தானே செய்தோம்” என்பவரிடம் அந்த நல்லது யாருக்குப் போனது என்று கணக்குக் காட்டினால்தான் பேச்சு நகரும்.

ஒரு கேஸ் ஷீட்டைப் பிரிக்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கட்டட வேலை மேஸ்திரி, நாற்பது வயதுக்கு மேல். மூன்று நாள் காய்ச்சல். குடும்பத்துக்குச் சேர்த்து 3 லட்சம் ரூபாய் பாலிசி. வெளிநோயாளியாகப் பார்த்திருந்தால் டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவு கிடைக்காது. டயாலிசிஸ், கண்புரை மாதிரி டே-கேர் சிகிச்சைகளை விட்டால், 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். அதனால், “மூணு நாள் அட்மிஷன் போட்டுடலாம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை” என்று சொல்லியிருக்கிறார்கள்.

காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் குறிக்கும் சார்ட்டை முதலில் பார்ப்பேன். இதில் மூன்று நாள், நாளுக்கு மூன்று ஷிப்ட், ஆனால் முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. ராத்திரி 2 மணிக்கு 101, காலை 6 மணிக்கு 101, 10 மணிக்கும் 101. காய்ச்சல் இப்படி நேர்கோட்டில் நடக்காது, ஏறும் இறங்கும். பார்மசி பில்லில் 14 பாட்டில் சலைன். ஏற்றியதாக நர்ஸ் குறித்திருப்பது ஐந்து. லேப் ரிப்போர்ட்டில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 42,000, மிகக் குறைவு, டெங்கு சந்தேகம். அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் பிளேட்லெட்டை எண்ணிப் பார்க்கவில்லை. டெங்கு சந்தேகத்தில் 42,000 என்று வந்தால் மறுநாள் எண்ணிப் பார்க்காமல் எந்த டாக்டரும் தூங்க மாட்டார். மொத்த பில் 58,000.

இதில் மேஸ்திரிக்கு மிச்சமானது மூவாயிரம் ரூபாய். மூன்று நாள் கூலியைக் கழித்தால் அதுவும் இல்லை. மீதி 55,000 ஆஸ்பத்திரிக்கு. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவனைப் பற்றி எல்லா ஊரிலும் கதை உண்டு. 58,000 பறித்து 3,000 கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டவனைப் பற்றி எந்த ஊரிலும் கும்மிப்பாட்டு கிடையாது. போதாக்குறைக்கு, அந்த வருடத்துக்கு மேஸ்திரி குடும்பத்தின் 3 லட்சம் இப்போது 2,42,000 ஆகிவிட்டது. ஆறு மாதம் கழித்து மனைவிக்கு ஏதாவது பெரிய ஆபரேஷன் என்று வந்தால் அந்த 58,000 ரூபாய் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, ஆஸ்பத்திரி பேராசைப்படாமல் முழுவதையும் ஏழைக்கே கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அப்போதாவது இது பணக்காரனிடம் எடுத்ததாகுமா?

காப்பீட்டுக் கம்பெனியின் கஜானாவில் இருப்பது ஏதோ பண்ணையாரின் நெல்மூட்டை என்று நினைத்துவிடுகிறோம். அது ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரித்து வைத்திருக்கிற பணம் மாதிரி. ஆட்டோ ஓட்டுபவர், மளிகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எல்லோரும் வருடா வருடம் கட்டிய பிரீமியம் அது. கம்பெனி அதில் லாபம் எடுக்கிறது, உண்மைதான். ஆனால் பொய் க்ளெய்ம் கூடினால் கம்பெனி தன் லாபத்தைக் குறைத்துக்கொள்வதில்லை, அடுத்த வருட பிரீமியத்தைக் கூட்டுகிறது.

இதைப் பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் குரூப் பாலிசியைப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் இருப்பார்கள். அதற்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர், அக்கவுண்ட்ஸ் ஆட்கள், மெர்ச்சண்டைசர்களுக்கு நிர்வாகம் குரூப் பாலிசி எடுத்துக் கொடுக்கும். அப்பா அம்மாவையும் அதில் சேர்த்திருப்பார்கள். குரூப் பாலிசியின் விலை, போன வருடம் எவ்வளவு க்ளெய்ம் போனது என்பதை வைத்து முடிவாகிறது. கட்டிய பிரீமியத்தை விட வாங்கிய க்ளெய்ம் அதிகமானால் புதுப்பிக்கும்போது விலை எகிறும். நிர்வாகம் என்ன செய்யும்? பில்லில் 20 சதவீதத்தை ஊழியரே கட்டட்டும் என்று சொல்லும், அல்லது பெற்றோரைப் பாலிசியிலிருந்து எடுத்துவிடும். அறுபது வயது தாண்டியவர்களுக்குத்தான் செலவு அதிகம் என்பதால் முதலில் கை வைப்பது அங்கேதான். அப்படி வெளியே விடப்பட்ட, சர்க்கரை வியாதி இருக்கிற 68 வயது அம்மாவுக்குத் தனியாகப் பாலிசி எடுத்துப் பாருங்கள். பிரீமியம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கவும் சொல்லலாம். யாரோ ஒருவர் “கம்பெனிக் காசுதானே” என்று எழுதிய பில்லுக்குக் கடைசியில் பணம் கட்டியது இந்த அம்மா.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். உண்மையிலேயே கதியற்றவர்களிடம் பாலிசியே இருக்காது. ஏமாற்றுவதற்குக்கூடக் காப்பீட்டு அட்டை வேண்டுமே. ஆகவே ஏழைக்காக என்று சொல்லிப் போடப்படும் பொய் பில்லால் பாலிசி வைத்திருக்கிற நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் ஏதாவது கிடைக்கிறது, நிஜமான ஏழையின் கைக்கு ஒன்றும் போவதில்லை.

இதற்கு விதிவிலக்கு ஆள்மாறாட்டம். அட்டை இல்லாதவரை அட்டை உள்ளவர் பெயரில் அட்மிட் செய்வது. பாசத்தில் செய்வார்கள், நானும் அதைப் பாசம் என்றுதான் சொல்வேன். அப்படி ஒரு வழக்கில் தம்பிக்குப் பித்தப்பையில் கல், கையில் காசில்லை. அண்ணனின் அட்டையைக் காட்டி, அண்ணனின் பெயரிலேயே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழெட்டு வருடம் கழித்து அண்ணனுக்கு வயிற்று வலி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். ஆனால் கம்பெனியின் பதிவுப்படி அவருக்குப் பித்தப்பையே கிடையாது! எடுத்துப் பல வருடமாகிவிட்டது. முதல் க்ளெய்ம் பொய் என்று ஒப்புக்கொண்டால் மோசடி. ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டாவது க்ளெய்முக்கு வழியில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிய பாலிசியில் பழைய விவரத்தைக் கிளறி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அண்ணன் ஆபரேஷன் செலவைக் கைக்காசில் கட்டினார், பாலிசியும் ரத்தானது. இதில் கம்பெனிக்குப் போனதைவிடக் குடும்பத்துக்குப் போனதுதான் அதிகம். டாக்டராக எனக்கு உறுத்துவது வேறொன்று. தம்பிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு அண்ணனின் பெயரில் கிடக்கிறது, தம்பிக்கு ஆபரேஷன் நடந்ததற்கு எங்கும் பதிவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். மக்களுக்கு அவர்கள் மேல் இருக்கும் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அறை வாடகை உச்சவரம்பு என்று ஒன்று உண்டு. பாலிசியில் நாளுக்கு 4,000 என்று இருந்து, நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், அறை வாடகையில் மட்டும் வெட்டு விழுவதில்லை. அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதி போய்விடும். பாலிசி விற்ற ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியும். அப்படி அடிபட்டவர் அடுத்த தடவை, “அவங்க என்கிட்ட எடுத்தாங்க, நான் திருப்பி எடுக்கறேன்” என்று பொய் பில் கேட்டால் எனக்குப் புரிகிறது. ஆனால் அதனால் அந்தக் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மாதம் அதே ஆஸ்பத்திரியில் நிஜமான டெங்குவோடு படுத்திருக்கும் பெண்ணின் கட்டிலருகே, இதுவும் பொய்யோ என்ற சந்தேகத்தில் கம்பெனியின் விசாரணை அதிகாரி வந்து நிற்பார். அவ்வளவுதான் நடக்கும்.

இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வெளிப்படையாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஈ.எஸ்.ஐ. அதைத்தான் 1952 முதல் செய்கிறது. ஊழியர் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 12,000 வாங்குபவர் 90 ரூபாய் கட்டுகிறார், 20,000 வாங்குபவர் 150 ரூபாய் கட்டுகிறார், இருவருக்கும் சிகிச்சை ஒன்றுதான். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தை வைத்தே கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்கிறது. காசு கட்டுபவருக்கு இது தெரியும், தெரிந்துதான் கட்டுகிறார். வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கிய, 2020இல் காலமான டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் தன் ஃபீஸை விட்டுக்கொடுத்தார். அது அவருடையது, அவர் கொடுக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வரி கட்டுகிறவர்களிடம் எடுத்துக் கொடுப்பதுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். தகுதி இருந்தும் அட்டை எடுக்காதவர்கள் ஏராளம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், இவ்வளவுதான் வேண்டும். சொந்தக்காரருக்குப் பொய் பில் போட அலைகிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் போதும். சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அட்டை இருக்கிறதா என்று கேட்கவே மாட்டார்கள்.

எல்லா வழியும் அடைத்துப்போய், குழந்தையின் உயிருக்காகப் பொய் சொல்லும் அப்பாவை என்ன செய்வீர்கள் என்று ஒரு ஜூனியர் டாக்டர் என்னிடம் கேட்டார். அவரைத் திருடன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். என் கையெழுத்தையும் அதில் போட மாட்டேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று அந்தத் தம்பி கேட்டார். ஒத்துப்போகவில்லைதான். ஆனால் என் மேஜைக்கு வரும் பொய் பில்களில் அந்த அப்பா அபூர்வம். நிறைய வருவது 14 பாட்டில் சலைன்தான்.

உங்கள் நியாயமான க்ளெய்மை மறுத்திருந்தால் அதற்கு வழி இருக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள், ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்கிற ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அண்ணா சாலையில் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள பிரச்சினைகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதனால் மறுப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு இல்லாத நோய் அதில் இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தபிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.