நல்ல பூச்சியானாலும் பயணப் பெட்டியில் வேண்டாம்

"எங்கள் வயலில் பிடித்த ஒட்டுண்ணிக் குளவியின் கூட்டுப்புழுக்கள் கொஞ்சம் கொண்டுவரட்டுமா? நன்மை செய்யும் பூச்சிதானே?" வெளிநாட்டில் பூச்சியியல் மேற்படிப்புக்குக் கிளம்பும் ஒரு மாணவர் இந்த ஆண்டும் கேட்டுவிட்டார். (மற்றப் பூச்சிகளின் உடலைத் தின்று வளர்ந்து அவற்றைக் கொல்வது ஒட்டுண்ணிக் குளவி.) கேட்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. கேட்காமலே கொண்டுவருபவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எந்தப் பூச்சியும் பிறவியிலேயே நல்லதல்ல. எந்த நாட்டில், எதைத் தின்கிறது என்பதே கணக்கு. மரங்களின் இலையைத் தின்னும் ஜிப்சி அந்துப்பூச்சியை அடக்க ஐரோப்பாவிலிருந்து 1906இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன காம்ப்சிலூரா என்ற ஒட்டுண்ணி ஈ, 180க்கும் மேற்பட்ட பூச்சியினங்களைத் தாக்குகிறது. அங்குள்ள அழகிய பெரும் பட்டு அந்துகள் அருகியதில் அதற்கும் பங்குண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. 1935இல் கரும்பு வண்டை ஒழிக்க ஆஸ்திரேலியாவில் விட்ட தேரை, அந்த வண்டைக் குறைக்கவில்லை; தானே பெருந்தொல்லையானது. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் நன்மை செய்வதாகவே நம்பினார்கள். "நம் ஊரில் நல்லது செய்கிறதே" என்பது ஆதாரமே அல்ல.

சரியாகச் செய்ததும் உண்டு. ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சிக்கு எதிரியான குளவி பராகுவேயில் கிடைத்தது. அதை நேரே வயலில் விட்டுவிடவில்லை. இங்கிலாந்தில் குவாரன்டைனில் வைத்துச் சோதித்த பிறகே நைஜீரியா போனது. 1981இல் விடத் தொடங்கினார்கள். அந்தப் பணியை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கூட்டுப்புழுவிலிருந்து உங்கள் குளவிதான் வரும் என்பதற்கும் உறுதியில்லை. அந்தக் குளவியையே தின்று வளரும் மேல்ஒட்டுண்ணி வெளிவருவதை ஆய்வகத்தில் சர்வசாதாரணமாகப் பார்க்கிறோம்.

ஆகவே, சேர்க்கைக் கடிதம் வந்ததுமே வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசுங்கள். உயிரியல் கட்டுப்பாட்டுக்கான, அதாவது தீமை செய்யும் பூச்சியை அடக்க விடும் பூச்சி உயிருடன் அமெரிக்காவுக்குள் வர, அந்நாட்டு வேளாண் துறையின் பிபிகியூ 526 (PPQ 526) அனுமதி வேண்டும். பூச்சி புறப்படும் நாட்டின் அனுமதியும் தேவைப்படலாம். பல மாதம் ஆகும் வேலை. ஆய்வுத் திட்டத்திலேயே அந்தக் காலத்தை ஒதுக்குங்கள். செத்துப்போன பூச்சிதானே என்று ஆல்கஹால் குப்பியைத் துணிக்குள் சுருட்டாதீர்கள், அதற்கும் விதி உண்டு. முதல் பருவத்தில் வகைப்பாட்டியலை, அதாவது இனத்தை அடையாளம் கண்டு வகைப்படுத்துவதை, கற்றுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பூச்சியை வைத்து உயிரியல் கட்டுப்பாடு செய்ய முடியாது.

ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டீர்களா? தயவுசெய்து டப்பாவைத் திறக்காதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். இன்றே பேராசிரியரிடம் சொல்லுங்கள்.